இரு தெனாரியமும் நம் செவிலியரும்



ஞாயிறு மாலையில் திருக்கோவிலூர்ப் பேருந்து நிலையத்தில் சென்னைப் பேருந்துக்காக நிற்பவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். தோளில் ஒரு பை, கையில் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம், காதில் கைபேசி. இப்படி நிற்கும் இளம்பெண்களில் பலர் செவிலியர். நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் நம் பென்னையாற்றங்கரை ஊர்களிலிருந்து பெருநகர மருத்துவமனைகளுக்குப் போகும் பிள்ளைகள் இவர்கள். பலர் கல்விக்கடன் வாங்கிப் படித்தவர்கள். அவர்களுடைய முதல் சம்பளத்தை வீட்டைவிட வங்கிதான் அதிகம் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

ஒரு கிறிஸ்து பிறப்புப் பெருவிழா இரவில், திருப்பலி முடிந்து எல்லாரும் கேக்கும் வாழ்த்துமாகக் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மிடம் வந்தார். "சாமி, என் மவளுக்கு இந்த வருசமும் லீவு இல்ல. நைட் டூட்டி. அவளுக்காக ஒரு பூசை வைக்கணும்" என்றார். சுகமில்லையா என்று கேட்டோம். "சுகமாத்தான் இருக்கா. ஆனா போன் பண்ணா அழறா சாமி" என்றார். அந்த அழுகைக்கு என்ன காரணம் என்று விசாரிக்கப் புறப்பட்டதன் விளைவே இந்தச் சிந்தனை.

பொங்கலுக்குப் பிறகு இரண்டு நாள் விடுப்பில் அந்த மகள் வந்திருந்தபோது பேசினோம். அவர் இருப்பது சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். அவருடைய வார்டில் 32 படுக்கைகள். இரவு எட்டு மணிக்கு ஏறினால் காலை எட்டு மணி வரை பணி. ஆனால் நோயாளிகளின் விவரத்தை அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைத்துவிட்டு வெளியே வரும்போது ஒன்பதரை ஆகிவிடும். அந்த ஒன்றரை மணி நேரம் எந்தக் கணக்கிலும் வராது. இரவில் இரண்டு பேர் மட்டுமே இருப்பார்கள், அதில் ஒருவர் போன மாதம் சேர்ந்தவர். ஒரு படுக்கையில் டிரிப்ஸ் முடியும், இன்னொன்றில் மூச்சுத் திணறும், மூன்றாவது படுக்கையின் உறவினர் தலையணை உறை மாற்றவில்லை என்று சத்தம் போடுவார். இதற்கிடையில் எழுத வேண்டிய பைல்கள் வேறு. "வேலை கஷ்டம்னு அழல ஃபாதர். ராத்திரி மூணு மணிக்கு ஒரு பாட்டி தண்ணி கேட்டாங்க. இதோ வரேன்னு சொல்லிட்டு, மறந்தே போயிட்டேன். காலைல அந்த டம்ளரப் பாத்ததும் ஞாபகம் வந்துது. அதான் அழுதேன்" என்றார்.

இதைக் கேட்டபின், நாம் இதுவரை சம்பளப் பிரச்சினை என்று மட்டும் நினைத்திருந்தது எவ்வளவு குறைபாடான பார்வை என்பது புரிந்தது. செவிலியர் எதில் மனநிறைவு பெறுகிறார் என்று அவரிடமே கேட்டோம். குணமாகிப் போன ஒருவர் மறுபரிசோதனைக்கு வரும்போது வார்டு வரை ஏறிவந்து, பெயர் சொல்லி விசாரித்துவிட்டுப் போவதுதான் என்றார். மனநிறைவு எங்கே உடைகிறது? கற்றுக்கொண்டபடி கவனிக்க வழியில்லாமல் போகும்போது. அந்தத் தண்ணீர் டம்ளர் நமக்கு மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தை நினைவூட்டியது. கொடுக்க மனமிருந்தும் கொடுக்க விடாத ஏற்பாட்டைப் பற்றி அங்கே நேரடியாக ஒன்றும் சொல்லப்படவில்லை. ஆயினும் அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களும் இறுதி நாளில் ஏதோ ஒரு பக்கத்தில் நின்றாக வேண்டுமே.

இது ஒரு பெண்ணின் மனக்குறை மட்டும் அன்று. பொது மருத்துவமனையின் சாதாரண வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள அளவு. 32 படுக்கைக்கு இருவர் என்பது இதில் எங்கே நிற்கிறது என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2002இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவைச் சிகிச்சை பெற்றவர் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது, செவிலியர் மனம் சோர்ந்து போகும் வாய்ப்பு 23 விழுக்காடும், பணியில் நிறைவின்மை 15 விழுக்காடும் கூடுகின்றன என்பதே அது. ஆகவே செவிலியரின் மனநிறைவு அவருடைய சொந்த விஷயம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நாளை அந்தப் படுக்கையில் நாமும் கிடக்கலாம்.

நம் ஊரில் செவிலியரையும் 'சிஸ்டர்' என்கிறோம், கன்னியரையும் 'சிஸ்டர்' என்கிறோம். இந்த ஒற்றைப் பெயர் சும்மா வந்ததன்று. நோயாளரைப் பேணும் பணியைப் பல நூற்றாண்டுகள் துறவற சபைகளே சுமந்து வந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து மருத்துவராக வந்து, குண்டூரில் கன்னியராகப் பணிசெய்த அருள்சகோதரி மேரி குளோரி 1943இல் தொடங்கிய அமைப்புதான் இன்று இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கமாக வளர்ந்திருக்கிறது. நமக்குப் பக்கத்துத் திண்டிவனத்தில், பிள்ளைப்பேற்றில் ஒரே இரவில் மூன்று பெண்கள் இறந்ததைக் கண்டு மருத்துவம் படிக்க முடிவு செய்த ஐடா ஸ்கடர் அம்மையார் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் அவர் வேலூரில் 1909இல் தொடங்கிய செவிலியர் பயிற்சியின் பலனை அனுபவிக்காத குடும்பம் நம் பகுதியில் குறைவு.

ஆனால் இந்தப் பெருமைக்குள் ஒரு கண்ணி இருக்கிறது. கன்னியர் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர். அவருக்கு உணவும் உறைவிடமும், முதுமையில் பராமரிப்பும் சபை தரும். நம் பங்கு மகள் அப்படி எந்த வார்த்தைப்பாடும் கொடுக்கவில்லை. அவருக்குக் கடன் இருக்கிறது, கரும்பு வெட்டி இடுப்பொடிந்த தந்தை இருக்கிறார், தங்கை இருக்கிறாள். அவரிடம் போய் "இது சேவை அம்மா, தொழில் அல்ல" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பது, அடுத்தவர் பையிலிருந்து எடுத்துத் தருமம் செய்வது போலாகும். மேடையில் மாலை போட்டுவிட்டுச் சம்பளப் பட்டியலில் கைவைப்பதை நாமும் பார்த்திருக்கிறோம்.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். குருவும் லேவியரும் விலகிப் போனார்கள், சமாரியர் மனமிரங்கினார், எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார் என்பதோடு நிறுத்திவிடுவோம். அந்த உவமை அங்கே முடியவில்லை. மறுநாள் அவர் இரு தெனாரியத்தை எடுத்துச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்தார். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றும் வாக்களித்தார். ஒரு தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி. திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையில் அதைப் பார்க்கிறோம். அப்படியானால் சமாரியர் இரண்டு நாள் கூலியை முன்பணமாகவே கொடுத்திருக்கிறார். காயம்பட்டவருக்கு அருகிலிருந்து கட்டு மாற்றப்போகும் அந்த மனிதரிடம், 'நான் இரக்கப்பட்டேன், நீயும் இலவசமாய் இரக்கப்படு' என்று அவர் சொல்லவில்லை. கூலிக்காரரின் கூலியைப் பிடித்து வைப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்று என்று நம் மறைக்கல்வி நூல் கற்பிப்பது இந்த வழியில் வந்ததே. ஒரு சமுதாயம் நீதியுள்ளதா என்று சோதிக்க நியாயமான ஊதியம் தரப்படுகிறதா என்று பார்ப்பது மிக முக்கியமான வழி என்ற கருத்தைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றிய தம் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வலியுறுத்தினார்.

நாட்டின் உச்ச நீதிமன்றமும் இதே கேள்வியை எதிர்கொண்டது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலையை ஆராய வல்லுநர் குழு அமைக்கும்படி 2016 ஜனவரியில் அது கட்டளையிட்டது. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தரவேண்டும், 100க்கு மேல் இருந்தால் அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறையலாகாது, 50 முதல் 100 வரை 25 விழுக்காட்டுக்கு மேல் குறையலாகாது, 50க்கும் குறைவான சிறு மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை என்பது சட்டம் அல்ல என்பதால் பல மாநிலங்களில் அது காகிதத்தில் தங்கிவிட்டது. கேரளத்தில் செவிலியர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2017 ஜூலையில் கேரள ஆயர் பேரவை, திருச்சபையின் மருத்துவமனைகளில் சம்பளத்தை உயர்த்த முடிவெடுத்தது. 2018 ஏப்ரலில் அம்மாநில அரசு 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. போராட்டத்துக்குப் பிறகுதான் நம் நிறுவனங்களும் அசைந்தன என்பதைச் சொல்லும்போது நமக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. எடுத்துக்காட்டாக முதலில் எழுந்திருக்க வேண்டியவர்கள் நாம்தானே.

அரசுப் பணி என்றால் கவலையில்லை என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். நம் மாநிலத்தில் 2015இல் போட்டித் தேர்வு எழுதித் தேர்வான ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கை பொய்த்தபோது, 2017 நவம்பர் இறுதியில் சென்னைத் தேனாம்பேட்டையில் கைக்குழந்தைகளோடு வந்து அமர்ந்தார்கள். கொரோனாக் காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு வேலை முடிந்தது. தொற்றுக்காலத்தில் அவர்களுக்காகக் கைதட்டியவர்களுள் நாமும் இருந்தோம்.

தூரத்துக் கதை வேண்டாம் என்றால் 2024 ஜூனை நினைத்துப் பாருங்கள். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இரவுகளில் கள்ளக்குறிச்சி, முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைகளில் கொத்துக்கொத்தாக வந்து விழுந்தவர்களுக்கு ஊசி போட்டவர்கள், வாந்தி துடைத்தவர்கள், கண் தெரியவில்லை என்று கதறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டவர்கள் செவிலியர்களே. செய்தித்தாள்களில் அமைச்சர்களின் வருகை வந்தது. வார்டில் இருந்தவர்களின் பெயர் அவ்வளவாக வரவில்லை. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனை தீப்பற்றியபோது, கேரளத்திலிருந்து வேலைக்குப் போயிருந்த இரண்டு இளம் செவிலியர்கள் தப்பியோடாமல் நோயாளிகளைத் தூக்கி வெளியேற்றி, மீண்டும் உள்ளே போய்ப் புகையில் உயிர்விட்டார்கள். அவர்கள் கற்ற பாடப்புத்தகம் எதிலும் அப்படிச் செய்யவேண்டும் என்று எழுதியிருக்காது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018 மார்ச் 3 அன்று இத்தாலியச் செவிலியர்களைச் சந்தித்தபோது ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். இருபது வயதையொட்டி அவர் நுரையீரல் நோயால் சாகக் கிடந்தபோது, மருத்துவர் குறித்துக்கொடுத்த மருந்தின் அளவு போதாது என்று, கொர்னேலியா கராலியோ என்ற தொமினிக்கன் சகோதரி அதை இரட்டிப்பாக்கச் சொன்னாராம். அவருடைய அனுபவம்தான் தம்மைப் பிழைக்க வைத்தது என்று நன்றியோடு பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். அதே உரையில் நோயாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: செவிலியரிடம் பொறுமையோடு கேளுங்கள், அதிகாரத்தோடு கேட்காதீர்கள், ஒரு புன்னகை கொடுங்கள் என்ற பொருளில்.

இந்த வேண்டுகோள் நம்மவர்களுக்கு மிகத் தேவை. நோயில்பூசுதல் கொடுக்க நாம் மருத்துவமனைக்குப் போகும்போது காண்பது இது: பெரிய டாக்டர் வந்தால் எழுந்து கைகட்டி நிற்கும் அதே உறவினர், அவர் போனதும் செவிலியரை ஒருமையில் அதட்டுகிறார். மருத்துவர்மேல் உள்ள கோபம், பில் தொகைமேல் உள்ள கோபம் எல்லாம் அந்தப் பெண்ணின்மேல் இறங்குகிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் மூன்று முதல் பத்து ஆண்டுகள் வரை சிறை என்று தமிழ்நாட்டில் 2008 முதல் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் ஒருமைப் பேச்சுக்குத் தண்டனை தராது. பாவசங்கீர்த்தனத்தில் இதுவரை யாரும் இதைச் சொல்லி நாம் கேட்டதில்லை.

பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாளில் நோயாளர் உலக நாளைக் கொண்டாடினோம். இம்முறை நோயாளர்களோடு, செவிலியர் இருக்கும் குடும்பங்களையும் அழைத்திருந்தோம். ஆசீர் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு தந்தை, மகளின் ஒரிஜினல் சான்றிதழ்களை மருத்துவமனை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றும், வேலையை விட நினைத்தால் பெருந்தொகை கட்டச் சொல்கிறார்கள் என்றும் சொன்னார். வேறு இரு தாய்மாரும் தங்கள் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்றார்கள். நம் பங்கில் உள்ள வழக்கறிஞர் ஒருவர் அங்கேயே விளக்கினார்: பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது, நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் குழுவில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். கூட்டத்தில் இருந்த ஒருவருக்கும் இது முன்பே தெரிந்திருக்கவில்லை. நமக்கும்தான்.

அன்று மாலையே பங்கு அலுவலகத்தில் அமர்ந்து மூன்று மனுக்கள் எழுதினோம். ஒருவருக்குச் சான்றிதழ்கள் திரும்பி வந்துவிட்டன. மற்ற இருவருக்கு இன்னும் வரவில்லை. வார்டில் தண்ணீர் கொடுக்க மறந்ததற்கு அழுத அந்த மகளுக்கு அடுத்த விடுப்பு எப்போது என்று தெரியவில்லை. அவருக்கான திருப்பலிக் கருத்து நம் பதிவேட்டில் மாதத்தின் முதல் வெள்ளிக்குக் குறிக்கப்பட்டிருக்கிறது. அன்று காலை ஆறு மணிக்கு, அவர் இரவுப் பணியில் கடைசி முறையாக வார்டைச் சுற்றிவரும் நேரத்தில், திருப்பலி தொடங்கும்.