நள்ளிரவில் குரைக்கும் நாய்: சட்டம் எதுவரை, பேச்சு எதுவரை?

ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் பழைய வீடுகள் பல ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. ஒரே சுவர் இரண்டு குடும்பங்களைத் தாங்குகிறது. கோயிலின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் மக்கள் குடியிருக்கும் தெருக்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று கொல்லைவரை நீண்ட வீடுகள் இருந்த இடங்களில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்துவிட்டன. இரு பக்கமும் சுவர்கள் நெருங்கி நிற்கும் இப்படியொரு தெருவில் இரவு ஒரு மணிக்கு ஒரு நாய் குரைத்தால், அந்த ஒலி சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே தெருக்கோடிவரை போகும்.

காவிரிக்குத் தெற்கே, திருச்சியின் தில்லை நகர் கிராஸ்களிலும் கே.கே. நகரிலும் உறையூரிலும் இதே தொல்லை உண்டு. திருவெறும்பூர் பெல் ஆலையிலும் பொன்மலை ரயில்வே பணிமனையிலும் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்குப் பகல்தான் இரவு. மதியம் இரண்டு மணிக்குக் குரைக்கும் நாயும் அவர்கள் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

முதல் வாரம் பொறுமை, இரண்டாம் வாரம் முணுமுணுப்பு, மூன்றாம் வாரம் மாடிப்படியில் சண்டை என்று இது வளர்கிறது. குரைப்புக்குச் சட்டம் உண்டா, யாரிடம் புகார் சொல்வது, நாய் வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் சொல்லலாமா என்ற கேள்விகள் அப்போதுதான் வருகின்றன. மூன்றுக்கும் பதில் இருக்கிறது. ஆனால், அந்தப் பதில்கள் எதுவும் நாய் ஏன் குரைக்கிறது என்ற கேள்வியைத் தாண்டிப் போக விடுவதில்லை.

விதிப் புத்தகத்தில் நாய் இல்லை

இந்தியாவில் தெரு ஓசைக்கு அளவுகோல் வகுப்பவை, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2000 பிப்ரவரியில் வந்த ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரை அனுமதி. கடைத்தெருவில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத அமைதி மண்டலத்தில் 50, 40. இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை.

அனுமதித்த அளவைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் ஓசை கூடினால் புகார் செய்யலாம். மாவட்ட ஆட்சியர், மாநகரக் காவல் ஆணையர், டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி போன்றோர் இதற்கு அதிகாரம் பெற்றவர்கள். ஒலிபெருக்கி, ஹாரன், கட்டுமான இயந்திரம் ஆகியவற்றுக்கு இரவில் உள்ள கட்டுப்பாட்டை மீறினால், 10 டெசிபல் கணக்குப் பார்க்காமலே புகார் தரலாம் என்று 2010-ல் திருத்தம் வந்தது.

இந்த விதிகளின் முகவுரை ஓசைக்கான காரணங்களை வரிசைப்படுத்துகிறது: தொழிற்சாலை, கட்டுமானம், பட்டாசு, ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, இசைக்கருவி, வண்டி ஹாரன், இயந்திரங்கள். நாய் அந்தப் பட்டியலில் இல்லை.

ஓசை வழக்குகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு ஒன்று தமிழ்நாட்டுத் தெருவிலிருந்தே போனது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் இருந்த கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கத்துக்கும் அங்கிருந்த ஒரு பிரார்த்தனைக் கூடத்துக்கும் நடந்த வழக்கில் 2000 ஆகஸ்ட் 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த மதமும் மற்றவர்களின் அமைதியைக் குலைத்து வழிபடும்படி சொல்லவில்லை. முதியோர், நோயாளிகள், படிக்கும் பிள்ளைகள் ஆகியோரின் அமைதியும் உரிமைதான் என்பது அதன் சாரம். 2005 ஜூலை 18-ல் தலைமை நீதிபதி ஆர்.சி. லகோத்தி அமர்வு, அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் ஓசைத் தொல்லையின்றி வாழ்வதும் அடங்கும் என்று தெளிவாக்கியது. அமைதி கேட்பது அக்கம்பக்கத்தாரிடம் கேட்கும் சலுகை இல்லை, உரிமை என்பது இதனால் உறுதியானது. அந்த உரிமையைக் குரைப்புக்கு எதிராக நிலைநாட்டுவதில்தான் சிக்கல்.

அறுபது குரைப்பும் அறுநூறு குரைப்பும்

விதி சொல்லும் 45 டெசிபல் ஒரு நொடியின் அளவு இல்லை. குறிப்பிட்ட நேரம் முழுவதற்கும் எடுக்கும் சராசரி. ஜெனரேட்டர்போல ஓயாமல் ஓடும் ஓசைக்கு இது பொருந்தும். குரைப்பு அப்படி ஓடுவதில்லை. வெடுக்கென்று வந்து நின்றுவிடும்.

பக்கத்து வீட்டு ஜன்னலில் 75 டெசிபல் கேட்கும் குரைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு குரைப்புக்கு அரை நொடி. இரவின் எட்டு மணி நேரத்தில் அந்த நாய் அறுபது முறை குரைத்தால், குரைப்பின் மொத்த நேரம் அரை நிமிடம். மற்ற நேரமெல்லாம் தெரு நிசப்தமாக இருந்தாலும், இரவின் சராசரி 45-ஐத் தொட்டுவிடும். புகாருக்கு வேண்டிய 55-ஐ எட்ட வேண்டுமானால், குரைப்பொலி ஏறக்குறைய ஐந்து நிமிடம் சேர வேண்டும். அதாவது, சுமார் அறுநூறு குரைப்பு.

பத்து நிமிடத்துக்கு ஒன்றிரண்டாக அறுபது குரைப்பு கேட்டாலே யாரும் தூங்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தது. நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர் ஓசை 30 டெசிபலையும், விட்டுவிட்டு வரும் தனி ஓசை 45 டெசிபலையும் தாண்டக் கூடாது என்றது. நம் விதிகளில் தனி ஓசைக்கு இப்படி உச்ச அளவு இல்லை. செல்போன் செயலியில் ஒரு நொடி 80 காட்டியதைப் படம் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

மற்ற சட்டங்கள்

பாரதிய நியாய சன்ஹிதாவின் 270-வது பிரிவு பொதுத்தொல்லையைக் குற்றமாக்குகிறது. 292-வது பிரிவின்படி அதற்கு 1,000 ரூபாய் வரை அபராதம். தெருவார் பலருக்கும் தொல்லை என்றால்தான் அது பொதுத்தொல்லை. ஒரே ஒரு வீட்டாரின் தூக்கம் கெடுகிறது என்றால், உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்பதே வழி. அதற்கு ஆகும் காலமும் செலவும் ஊரறிந்தவை. தெருவே சேர்ந்து மனு கொடுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவின்கீழ், தொல்லையை நீக்கும்படி கோட்டாட்சியர் ஆணையிட முடியும்.

சங்கம் கூடிப் பெரும்பான்மையோடு தீர்மானம் போட்டாலும், நாய் வளர்க்கக் கூடாது என்று தடுக்க முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் அனுப்பிய வழிகாட்டுதல் இதைச் சொல்கிறது. குரைப்பைக் காரணம் காட்டியும் தடை போட முடியாது என்கிறது. 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கி, 2018 வரை சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வாரியம் அது. செல்லப்பிராணிகளைத் தடுக்கும் சங்க விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. அதே வாரிய வழிகாட்டுதல் வளர்ப்பவர்களையும் விட்டுவிடவில்லை. நாயால் அடுத்தவருக்குத் தொல்லை வராமல் பார்த்துக்கொள்ளும்படி அவர்களிடம் கேட்டுக்கொள்கிறது.

கோபத்தில் பிஸ்கட்டில் விஷம் வைப்பது சிறைக்கு வழி. விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, முடமாக்குவது ஆகியவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவு ஐந்து ஆண்டுவரை சிறை என்கிறது.

சங்கிலி சொல்லும் செய்தி

வளர்ந்த ஓநாய்கள் அரிதாகவே குரைக்கின்றன. மனிதனோடு வாழ வந்த பிறகே நாயிடம் குரைப்பு பெருகியது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகர ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், பதிவு செய்த குரைப்புகளை மட்டும் கேட்ட மனிதர்கள், அந்த நாய் அந்நியரைக் கண்டு குரைத்ததா, தனியே கட்டிவைக்கப்பட்டதால் குரைத்ததா, விளையாட்டில் குரைத்ததா என்பதைக் குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே பிரித்துச் சொன்னார்கள். நாய் வளர்த்த அனுபவம் இல்லாதவர்களாலும் அது முடிந்தது. குரைப்பில் காரணம் ஒலிக்கிறது. பக்கத்து வீட்டாருக்கும் அது கேட்கிறது.

வாசல் கேட்டில் கட்டிய நாய் போவோர் வருவோர் எல்லோரையும் பார்த்துக் குரைக்கும். காலையில் பூட்டிவிட்டு வேலைக்குப் போன வீட்டில், தனிமை தாங்காமல் ஒரே சுருதியில் குரைத்துக்கொண்டோ ஊளையிட்டுக்கொண்டோ இருக்கும். காது மங்கிய, வயதான நாய் இரவில் காரணம் தெரியாமல் எழுந்து குரைக்கும். வெடிச்சத்தம் நாய்களுக்குப் பெரும் பயம். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாய்க்கு ஏறக்குறைய 45,000 ஹெர்ட்ஸ்வரை கேட்கும்.

இனமும் முக்கியம். தென்மாவட்டங்களின் ராஜபாளையமும் கோம்பையும் பண்ணைகளையும் பெரிய வீடுகளையும் காவல் காத்தவை. பரந்த வெளியில் ஓடிப் பழகிய அந்த உடம்பை மொட்டை மாடியில் ஆறடிச் சங்கிலியில் கட்டினால், அது செய்யக்கூடிய ஒரே வேலை குரைப்பதுதான்.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960 இங்கே வருகிறது. நாயை வழக்கமாகச் சங்கிலியில் கட்டியோ அடைத்தோ வைத்துவிட்டு, அதற்குப் போதிய நடமாட்டம் தராமல் இருப்பது 11-வது பிரிவின்படி குற்றம். நியாயமற்ற அளவுக்குக் குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும் குற்றமே. குரைப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத இந்தச் சட்டம், குரைப்பின் வேரைத் தொடுகிறது. பல தெருக்களில் தூக்கமிழந்தவரும் கட்டிவைக்கப்பட்ட நாயும் ஒரே சங்கிலியால் அவதிப்படுகிறார்கள்.

தெரு நாய்கள் என்றால்

உரிமையாளர் இல்லாத நாய்க்குப் பொறுப்பு மாநகராட்சி. இனச்சேர்க்கைக் காலத்தில் நாய்கள் கூட்டமாகத் திரண்டு சண்டையிடுவது இரவு ஓசைக்கு ஒரு முக்கியக் காரணம். கருத்தடை அதைக் குறைக்கிறது. கொல்வதை விட்டுக் கருத்தடையைக் கைக்கொள்ளும் வழியைச் சென்னை மாநகராட்சி 1996-லேயே தொடங்கியது. புளூ கிராஸ் அமைப்பு அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இதை வலியுறுத்திவந்தது. நாடு முழுவதற்குமான விதிகள் 2001-ல் வந்தன, 2023-ல் புதுப்பிக்கப்பட்டன. திருச்சி மாநகராட்சி கோணக்கரையில் கருத்தடை மையம் நடத்துகிறது.

2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம், பிடித்த நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே பகுதியில் விடவும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடாமல் வைக்கவும் ஆணையிட்டது. கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது. உள்ளாட்சி குறித்துக் கொடுக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்று கட்டளையிட்டது.

மற்ற நாடுகள் செய்வது

நியூசிலாந்தில் 1996-ம் ஆண்டின் நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டம் குரைப்புக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. புகார் வந்ததும் உள்ளாட்சி அதிகாரி விசாரித்து, தொல்லை இருப்பதாகக் கண்டால் எழுத்தில் நோட்டீஸ் தருகிறார்; ஏழு நாளுக்குள் உரிமையாளர் ஆட்சேபிக்கலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஓயாமல் குரைக்கும் நாயைத் தொல்லை நாய் என்று உள்ளாட்சி அறிவிக்கலாம். இரண்டு இடத்திலும் டெசிபல் மீட்டர் பின்னுக்குப் போய்விடுகிறது. எவ்வளவு நேரம், எத்தனை நாள், எந்த வேளையில் என்பதே கேள்வி.

தமிழர்கள் பெருமளவில் வாழும் சிங்கப்பூரில் சமூக சமரச மையம் 1998 முதல் இயங்குகிறது. அங்கும் தீராத வழக்குக்கு, 2015 முதல் அக்கம்பக்கச் சச்சரவுகளுக்கான தனித் தீர்ப்பாயம் இருக்கிறது.

இந்தியாவிலும் 2023-ன் சமரசச் சட்டம், ஒரு பகுதியின் அமைதியைக் கெடுக்கும் சச்சரவுகளை இரு தரப்பின் சம்மதத்தோடு மூன்று சமரசர்கள் தீர்க்க இடம் வைத்திருக்கிறது. ஆனால், அந்த ஆண்டு அக்டோபரில் முதலில் நடைமுறைக்கு வந்த பிரிவுகளில் இந்தச் சமூகச் சமரசப் பிரிவுகள் சேரவில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி, வழக்குக்கு முந்தைய சமரசம் கேட்கும் வழி இப்போதும் திறந்தே இருக்கிறது. அதற்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை.

கதவைத் தட்டும்போது

சண்டை தொடங்கும் இடம் பெரும்பாலும் முதல் வார்த்தைதான். "உங்க நாய வாயக் கட்டுங்க" என்றால் அங்கேயே பேச்சு முறிந்துவிடும். "மாமி, நீங்க கோயிலுக்குப் போனப்பறம் ஆறரை மணியிலேர்ந்து எட்டு மணிவரைக்கும் டைகர் கத்திண்டே இருக்கு. தனியா இருக்க பயப்படுதோ என்னமோ" என்றால், வீட்டில் இல்லாதவருக்குத் தெரியாத ஒரு செய்தி போய்ச் சேர்கிறது. தம் நாய் குரைப்பது உரிமையாளர் பலருக்கு உண்மையிலேயே தெரியாது. அது குரைக்கும் நேரத்தில் அவர்கள் அங்கே இருப்பதில்லை.

ஆகவே, பேசப் போகுமுன் பத்து நாள் தேதியும் நேரமும் குறித்துவைப்பது நல்லது. எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடம் நீடித்தது, அப்போது தெருவில் என்ன நடந்தது என்ற மூன்றும் போதும். அந்தத் தாள் உரிமையாளருக்குக் காரணத்தைக் காட்டும். பேச்சு பலிக்காவிட்டால் சங்கத்துக்கும் காவல் நிலையத்துக்கும் கோட்டாட்சியருக்கும் அதுவே சான்றாகும்.

வளர்ப்பவர் செய்யக்கூடியவை அதிகச் செலவில்லாதவை. இரவு பத்து மணிக்கு மேல் நாயைக் கேட்டிலிருந்து உள்ளே கொண்டுவருவது, தெரு தெரியாதபடி கம்பிக்கதவில் தடுப்புப் போடுவது, காலையும் மாலையும் அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப்போவது, திடீரென்று குரைப்பு கூடினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது. குடியிருப்போர் சங்கம் இவற்றை ஒரு பக்கத் தாளில் எழுதி, நாய் வளர்க்கும் வீட்டாரையும் வைத்துக்கொண்டே ஒப்புக்கொள்ளச் செய்யலாம். வெளியூர் போகும்போது நாயை யார் பார்த்துக்கொள்வார்கள், எந்த எண்ணுக்குக் கூப்பிடலாம் என்ற இரண்டு வரியும் அதில் இருந்தால், நள்ளிரவு ஒரு மணிக்கு 100-ஐ அழைப்பதற்கு முன் அழைக்க ஒரு பெயர் இருக்கும்.