மஞ்சள் குடல் புற்றுநோயை குணப்படுத்துமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

நெல்லை, குமரி மாவட்டங்களில் இருந்து திருவனந்தபுரம் மண்டல புற்றுநோய் மையத்துக்கு, அதாவது ஆர்.சி.சி.க்கு சிகிச்சைக்குப் போகிறவர்கள் பலரும் முதலில் வந்து இறங்குவது தம்பானூரில்தான். ரயில் நிலையம், கேரள அரசு பஸ் ஸ்டாண்ட் இரண்டும் அங்கே இருக்கின்றன. சிகிச்சை தொடங்கியதும் சொந்தக்காரர்கள் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "மஞ்சள் நல்லதுதானே, குர்குமின் மாத்திரையும் சேர்த்து சாப்பிடுங்க." அது சரியா?

உடம்புக்குள் இருக்கும் 'காவல்காரர்கள்'

நம் செல்களில் புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்கள் உள்ளன. இவைதான் 'ட்யூமர் சப்ரஸர்'கள். பெருங்குடல் புற்றுநோயில் இரண்டு முக்கியம். ஒன்று, ஏ.பி.சி. செல்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் பிரேக் போடுவது இது. பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்களில் இது பழுதாகி இருக்கும். இன்னொன்று, பி53 புரதத்தை உருவாக்கும் மரபணு. டி.என்.ஏ. சேதமானால் பி53 அந்த செல்லை பெருகவிடாமல் நிறுத்தும். சரிசெய்ய முடியாவிட்டால் சாகடிக்கும்.

குர்குமின் பி53-ஐ என்ன செய்கிறது?

மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள்தான் குர்குமின். ஆய்வகத்தில் குடல் புற்றுநோய் செல்கள் மீது இதைச் சேர்த்தால் பல செல்கள் சாகின்றன. பி53 தூண்டப்படுவதாக சில ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் 2004-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது நேர் எதிர். குர்குமின் பட்டதும் பி53 சரியான வடிவில் மடியவில்லை. டி.என்.ஏ.வோடு ஒட்டவும், செல்லை நிறுத்தவும் அதனால் முடியவில்லை. அதாவது, காவல்காரர் கையையே கட்டிப்போட்ட மாதிரி.

கவலை இங்கேதான். கீமோதெரபி மருந்துகள் பல, டி.என்.ஏ.வை சேதப்படுத்தி, பி53 வழியாகவும் புற்றுநோய் செல்லைக் கொல்கின்றன.

அப்போ மஞ்சள் கெட்டதா?

அப்படியும் சொல்ல முடியாது. தம்பானூருக்குப் பக்கத்தில் தைக்காட்டில் உள்ள ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், குர்குமின் சேர்த்தபோது பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து கருப்பைவாய் புற்றுநோய் செல்களை கூடுதலாகக் கொன்றது. செல்லும் மருந்தும் மாறினால் முடிவும் மாறுகிறது.

மனிதர்களிடம் சோதித்தார்களா?

ஏ.பி.சி. மரபணு பிறவியிலேயே பழுதானவர்களுக்கு குடலில் ஏராளமான பாலிப் கட்டிகள் வரும். இத்தகைய 44 பேரிடம் நடந்த சோதனை 2018-ல் வெளியானது. ஒரு தரப்புக்கு தினமும் 3 கிராம் குர்குமின், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. ஓராண்டுக்குப் பிறகு கட்டிகளின் எண்ணிக்கையிலும் அளவிலும் வித்தியாசம் இல்லை.

காரணம்? குர்குமின் ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 3 கிராம் குர்குமினுக்கு 100 கிராம் மஞ்சள்தூள் வேண்டும்!

நீங்கள் என்ன செய்யலாம்?

குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி பயப்பட வேண்டாம். ஆனால் மாத்திரை வேறு விஷயம். அதிக அளவு குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. கீமோ எடுப்பவர் என்றால், மாத்திரை டப்பாவை அப்படியே டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். 'இயற்கைதானே' என்று மறைக்க வேண்டாம். முக்கியமாக, மஞ்சளை நம்பி சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.