அரை மில்லிமீட்டரில் ஓர் உயிர்

பிறந்து இரண்டே நாள். வாயிலும் மூக்கிலும் நுரை தள்ளுகிறது. புகட்டிய பால் இறங்கவில்லை. உணவுக்குழாய் பாதியில் அடைபட்டு, அதன் கீழ்ப்பாகம் மூச்சுக்குழாயோடு சேர்ந்து பிறக்கும் குழந்தைகளின் கதி இது. ஆபரேஷன் செய்தே தீரவேண்டும். தாராவிக்காரர்கள் சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். மாட்டுங்கா, செம்பூர்வாசிகள் பரேலில் 1929-ல் தொடங்கிய வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் போவதுண்டு.

மயக்க மருந்துக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும்போது தகப்பனாருக்குக் கை நடுங்கும். பயம் மருந்தைப் பற்றி. தியேட்டருக்குள் டாக்டருக்கோ கவலை ஒரு குழாயைப் பற்றி!

வாய் வழியே மூச்சுக்குழாய்க்குள் செருகும் பிளாஸ்டிக் குழாய் அது. பிராணவாயுவும் மயக்க வாயுவும் அதில்தான் போகின்றன. நிறைமாதக் குழந்தைக்கு உள்விட்டம் 3 அல்லது 3.5 மில்லிமீட்டர், குறைமாதத்துக்கு 2.5. அரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும்? 3.5-ஐவிட 3-ல் காற்றுக்குத் தடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. சளியும் எளிதில் அடைக்கும். பெரிதாகப் போட்டாலோ உள்தோல் வீங்கும். நான்கு மில்லிமீட்டர் பாதையில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் முக்கால் பாகம் மூடிவிடும்.

அளவு மட்டும் போதாது, ஆழமும் வேண்டும். சிசுவின் மூச்சுக்குழாய் நீளமே நான்கைந்து சென்டிமீட்டர்தான். கழுத்து குனிந்தால் குழாய் இறங்கும், நிமிர்ந்தால் ஏறும். மேலே சொன்ன கோளாறில் துவாரத்தின் வழியே காற்று வயிற்றுக்குள் புகுந்து உப்பிவிடும் அபாயமும் உண்டு.

பெரியவர்களின் குழாய் நுனியருகே கசிவைத் தடுக்கச் சிறு பலூன் இருக்கும். குழந்தைகளுக்கு அது ஆகாது என்பது பல்லாண்டுப் பாடம். 2009-ல் அந்தப் பாடம் ஆட்டம் கண்டது. ஐரோப்பாவில் 24 ஆஸ்பத்திரிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட 2,246 குழந்தைகளிடம் ஒப்பிட்டார்கள். பலூன் இல்லாத குழாயை நூற்றுக்கு 30 பேருக்கு மேல் மாற்ற நேர்ந்தது. பலூன் குழாயை இரண்டு பேருக்குத்தான். பிறகு வரும் மூச்சிரைச்சலில் பெரிய வித்தியாசமில்லை. மாற்றுவதென்றால் மறுபடி தொண்டையில் கருவி, மறுபடி சில நொடி மூச்சில்லாமை!

ஆனால் பச்சைக் குழந்தைக்கான பலூன் குழாய் மூன்று கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே வந்தது. நம் நாட்டில் எத்தனையோ குழந்தைகள் அந்த எடையைத் தொடாமலே பிறக்கின்றன. அவர்களுக்குப் பழைய குழாயைத்தான் பெரும்பாலும் நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே புதியது வந்ததாலேயே அதைக் கேட்டு அடம்பிடிப்பதில் பொருளில்லை.

பெற்றோர் செய்யக்கூடியது வேறு. எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை என்ன, முன்பு குழாய் போட்டதுண்டா என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆபரேஷனுக்குப்பின், குழாயை எடுத்த பிறகு அழுகை கரகரத்தாலோ, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, விலா உள்வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மராட்டி வராதவர்கள் குழந்தையின் நெஞ்சைக் காட்டி "ஸான்ஸ், ஸான்ஸ்" என்றாலே போதும், சிஸ்டர் ஓடி வருவார்.