ஆண்மைக் குறைவா? முதலில் இதயத்தைப் பாருங்கள்

யாங்கோன் ஆற்றை ஐராவதிக் கழிமுகத்தோடு இணைக்கிறது த்வாண்டே கால்வாய். வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டியது, சுமார் 35 கிலோமீட்டர். கழிமுகத்தின் வண்டல் மண்ணில் பெரிய கால்வாயில் படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே வயலுக்குப் பிரியும் சிறு வாய்க்கால் தூர்ந்துவிடும். ஆணின் உடம்பிலும் இதுதான் நடக்கிறது.

ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. இதயத் தமனி 3 முதல் 4. சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகையிலை எல்லாம் ரத்தக் குழாய்களின் உட்சுவரை உடம்பு முழுக்கக் கெடுக்கின்றன. அந்தச் சுவரில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடுதான் குழாயைத் தளர்த்தி ரத்தத்தைப் பாயவிடுகிறது. அது குறைந்தால் குறுகிய குழாய் முதலில் விறைப்புக் குறைபாடாகக் காட்டிக்கொடுக்கும். நெஞ்சுவலி பிறகுதான் வரும்.

எவ்வளவு பிறகு? இதயத் தமனி அடைப்பு உறுதியான 300 ஆண்களை மிலான் நகர மருத்துவர்கள் விசாரித்து 2003இல் வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப்பேருக்கு விறைப்புக் குறைபாடு இருந்தது. அவர்களில் மூன்றில் இருவருக்கு அது இதய அறிகுறிக்குச் சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தது. மூன்று ஆண்டு! ஓர் உயிரைக் காப்பாற்றப் போதுமான அந்தக் காலத்தைத்தான் வெட்கத்தில் தொலைக்கிறோம். மாரடைப்பு அபாயத்தைக் கணிக்கப் பிரிட்டன் மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கீட்டில் 2017 முதல் விறைப்புக் குறைபாடு உண்டா என்ற கேள்வியும் சேர்ந்துவிட்டது.

மியான்மரில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசரம். புகையிலை வைத்த வெற்றிலை, 'கூன்யா', த்வாண்டே கடைத்தெருவில் மட்டுமல்ல, பர்மாத் தமிழர் வாயிலும் அன்றாடம் மெல்லப்படுகிறது. தெற்காசிய வம்சத்தவருக்கோ மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முந்தியே வருகிறது.

எல்லா விறைப்புக் குறைபாடும் இதயநோய் அல்ல. மனக்கவலை, சில மருந்துகள், ஹார்மோன் குறைவு ஆகியவையும் காரணமாகலாம். விடியற்காலை விறைப்பு வழக்கம்போல் இருந்தால் மனம்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதை முடிவுசெய்ய வேண்டியது மருந்துக்கடைக்காரர் அல்ல. சில்டெனாஃபில் மாத்திரையை யாரிடமும் கேட்காமல் வாங்கிப் போடுவது இரட்டை ஆபத்து: எச்சரிக்கை மறைந்துபோகும்; நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

நாற்பதைத் தாண்டியவரே, சில மாதங்களாகவே இந்தச் சிக்கல் இருந்தால் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.