மீனிடத்து வாழும் நாடாப்புழுக்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்துள்ள திருவண்ணாமலை என்னும் ஊரிலும் (தீபத்திற்குப் பெயர்பெற்ற வடதிசைத் தலத்தை ஈண்டுக் கருதற்க), இராஜபாளையத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், கண்மாய் வற்றுங்காலத்து விராலும் கெளுத்தியும் சந்தைக்கு வருதல் யாவரும் அறிந்ததே. அவற்றை அறுப்போர், குடலினுள் வெள்ளிய நாடாப்போல் நெளியும் புழுவைக் கண்டு, மீனே நஞ்சாயிற்றென்று அஞ்சி எறிதலும் உண்டு. அவ்வச்சம் வேண்டுவதுதானா என்னும் வினாவிற்கு விடை, அப்புழு இன்னதென்று இனமறிந்த பின்னரே கூறற்பாலது.

நாடாப்புழுவிற்கு வாயுமில்லை, குடலுமில்லை. தலையாற் பற்றிக்கொண்டு, மீன் செரித்த உணவைத் தன் மேற்றோலினாலேயே உறிஞ்சி வாழும். ஆதலின் இனமறிவார் முதற்கண் நோக்குவது தலையையே. விரால், ஆரல் ஆகிய மீன்களிற் காணப்படும் ஸெங்கா என்னும் பேரினத்திற்குத் தலையின் இருமருங்கும் நீண்ட பள்ளங்களும், உச்சித்தட்டிற் கொக்கிகளும் உள. இப்பேரினத்தை 1934-ல் டால்பஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்தனர். அவர்க்குக் கிடைத்த புழுவோ, பிரான்சு நாட்டு மீன்தொட்டியொன்றில் வாழ்ந்த சயாம் சண்டைமீனினின்று எடுக்கப்பட்டதாம்! சுறா, திருக்கை இவற்றின் புழுக்களுட் சில, கொக்கிகள் செறிந்த நான்கு துதிக்கைகளை நீட்டவும் சுருக்கவும் வல்லன.

கெளுத்தியின் புழுக்களுட் பல வேறு வகையின. நாடாப்புழுவெனின் பல கணுக்களாலாயது என்று பள்ளியிற் கற்றோம். இவற்றிற்கோ கணுவே இல்லை. உடல் முழுதிற்கும் இனப்பெருக்க உறுப்புத் தொகுதி ஒன்றே. கிராம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று இவ்வரிசைக்குக் காரியோபில்லிடியா என்று பெயரிட்டனர். இவற்றின் இளமைப்பருவம் சேற்றில் வாழும் சிறு மண்புழுவினங்களினுள்ளே கழிகின்றது. அவற்றைத் தின்னும் மீனே புழுவிற்கு வீடாகின்றது.

தரையில் நெளிந்து செல்லவல்ல கிளாரியஸ் என்னும் கெளுத்தியினின்று 1925-ல் மோகே என்பார் ஒரு புழுவை விவரித்தனர். அது இக்காலத்து லைட்டோசெஸ்டஸ் இண்டிகஸ் எனப்படும். 1930-ல் ஸௌத்வெல் என்பார் இந்தியா, இலங்கை, பர்மா நாடுகளின் நாடாப்புழுக்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டனர். அதன்பின் புதுப்பெயர்கள் மழைக்காலத்து ஈசல்போற் கிளம்பின. அக்கெளுத்தி ஒன்றன் கணுவிலாப் புழுக்களுக்கே ஐம்பதிற்கு மேற்பட்ட பெயர்கள் சூட்டப்பட்டன. 2011-ல் இந்திய, ஐரோப்பிய அறிஞர் சிலர் கூடி மூலமாதிரிகளை மீண்டும் ஆராய்ந்து, அவற்றுள் எட்டே நிலைக்குமென்று முடிவு கூறினர்.

இத்துணைப் பிழை எங்ஙனம் நேர்ந்தது? மீன் இறந்து நெடுநேரம் கழிந்தபின் எடுத்த புழு அழுகிச் சிதையும். குளிர்ந்த மருந்திலிட்ட புழு சுருங்கும். கண்ணாடித்தகடுகளினிடையே நெருக்கிய புழு அகன்று தோன்றும். ஒரே புழு இம்மூன்று உருவினுங் காணப்படின், அளவுகோல் ஒன்றையே நம்புவார் மூன்று இனமென எழுதிவிடுவர். எம் கருத்தில் இது அறிவின் குறையன்று, அவசரத்தின் குறையே. செவ்விய முறை இது: அப்போதே கொன்ற மீனின் குடலை உப்புநீரில் திறந்து, உயிருள்ள புழுவைக் கழுவி, நூற்றுக்கு 4 பங்குச் செறிவுள்ள சூடான பார்மலினில் இடல்வேண்டும், அது நீண்டபடியே விறைத்து நிற்கும். பின்னர்க் கார்மைன் சாயமேற்றி, ஆல்கஹாலில் நீர் போக்கித் தகட்டிற் பதிப்பர். ஒரு துண்டைக் குறுக்கே மெல்லிய சீவல்களாக அரிந்து, கருவுணவுச் சுரப்பிகள் தசையடுக்கிற்கு உட்புறமுளவோ வெளிப்புறமுளவோ என்று காணவேண்டும். கணுவிலாப் புழுக்களின் குடும்பங்களைப் பிரித்ததற்கு நெடுங்காலம் இதுவே அடிப்படை. மற்றொரு துண்டைத் தூய ஆல்கஹாலில் வைத்தால் டி.என்.ஏ. ஆராய்ச்சிக்கு உதவும்.

இனி முதல் வினாவிற்கு வருவோம். ஜப்பானியர் பச்சையாக உண்ணும் ஸால்மன் மீனின் தசையிற் கிடக்கும் இளம்புழு மனிதர் குடலில் வளர்ந்து பல அடி நீளும். அதனை நெடுநாள் ஐரோப்பிய இனமென்றே எண்ணியிருந்து, 1986-ல்தான் தனியினமென்று கண்டனர். விராலிலும் கெளுத்தியிலும் மேலே கூறிய புழுக்களோ மீன்குடலிலேயே முதிர்ச்சி எய்துவன. மனிதர் குடலில் வாழா. குடலை நீக்கிக் கழுவி, நன்றாய் வேகவைத்த குழம்பை அவை பற்றி அஞ்சாது உண்ணலாம்.