அசுத்தமானதும் ஆண்டவருடையதே

மோசேயின் நியாயப்பிரமாணம் வௌவாலை உண்ணத்தகாத பறவைகளின் வரிசையில் வைக்கிறது (லேவி. 11:19). உண்ணத்தகாததைப் பேணவும் தகாது என்று பொருள்கொள்வோர் உண்டு. ஆயினும் நோவாவின் பேழைக்குள் சுத்தமல்லாத உயிர்களும் சேர்க்கப்பட்டன (ஆதி. 7:2). உணவிற்கான விலக்கு வேறு. படைப்பில் ஓர் உயிருக்குரிய இடம் வேறு. இவ்வேறுபாடு நடைமுறையில் எதைக் கோருகிறது என்பதை ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி நகரங்கள் சந்திக்கும் ஒரு சிக்கல் நமக்குக் காட்டுகிறது.

அங்கே சாம்பல்நிறத் தலையுடைய பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் ஒரே தோப்பில் பகற்பொழுதைக் கழிக்கின்றன. இரவில் நெடுந்தொலைவு பறந்து யூக்கலிப்டஸ் மலர்களின் தேனை உண்டு, மகரந்தத்தையும் விதைகளையும் பரப்பிக் காட்டைத் தழைக்கச் செய்கின்றன. காடுகள் அழிக்கப்பட்டமையால் அவை நகரத் தோப்புகளை மிகுதியாக நாடுகின்றன. 2001ஆம் ஆண்டு முதல் இவ்வினம் அழிவு அபாயத்திற்கு உட்பட்டதெனச் சட்டப் பாதுகாப்புப் பெற்றுள்ளது.

அருகில் குடியிருப்போரின் துன்பமும் மெய்யானதே. விடியற்கால இரைச்சலும் நாற்றமும் எச்சமும் அன்றாடத் தொல்லைகள். நோயச்சமும் உண்டு. 1994இல் அறியப்பட்ட ஹெண்ட்ரா வைரஸ் குதிரைகள் வழியாக மனிதரைத் தாக்கியது. வெறிநோயை ஒத்த லிஸா வைரஸ் கடியாலும் கீறலாலும் தொற்றக்கூடியது. எனவே வௌவாலைத் தொடாதிருப்பதே முதற்காப்பு. காயம்பட்டோர் உடனே மருத்துவரை நாடவேண்டும்.

இவற்றைத் துரத்திவிடலாகாதா? 2003இல் மெல்பர்ன் தாவரவியல் பூங்காவிலிருந்தும், 2012இல் சிட்னி தாவரவியல் பூங்காவிலிருந்தும் ஒலி எழுப்பி இவை அகற்றப்பட்டன. அரிய மரங்கள் காக்கப்பட்டன. ஆனால் வேறு பல ஊர்களில், துரத்தப்பட்டவை அருகிலேயே மீண்டும் தங்கின. ஒரு தெருவின் சுமை அடுத்த தெருவின்மேல் ஏற்றப்பட்டது. இதனை அயலானிடத்தில் அன்புகூருதல் என்று சொல்ல இயலுமா?

ஆகவே படிப்படியான முறையே ஏற்றது. முதலாவது, வீடுகளை ஒட்டிய கிளைகளை வெட்டி இடைவெளி உண்டாக்குதல். இரண்டாவது, இரைச்சலைத் தடுக்கும் இரட்டைக் கண்ணாடிச் சன்னல்களுக்கும், வாகனங்களை மூடும் உறைகளுக்கும் குடியிருப்போருக்கு உதவுதல். துரத்துதல் இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும்.

அதற்கும் காலவரையறை உண்டு. தாய் ஆண்டிற்கு ஒரே குட்டியை, பெரும்பாலும் அக்டோபரையொட்டி ஈனுகிறது. முதற்சில வாரங்கள் அதனைச் சுமந்து பறக்கிறது. பின்னர் இரைதேடச் செல்கையில் தோப்பிலேயே விட்டுச் செல்கிறது. அப்பருவத்தில் கூட்டத்தைக் கலைத்தால் பறக்கவியலாத குட்டிகள் கைவிடப்பட்டு மடியும். வெப்பம் 42 பாகை செல்சியசைக் கடக்கும் நாள்களில் வளர்ந்தவையே திரளாய் மடிவதால், அந்நாள்களிலும் அவற்றைக் கலைத்தலாகாது.

கூட்டிலுள்ள தாயைக் குஞ்சுகளோடு பிடிக்கலாகாது என்னும் கட்டளையை (உபா. 22:6,7) ஈண்டு நினைவுகூர்தல் தகும். அது மனிதனின் தேவையை மறுக்கவில்லை. அத்தேவைக்கு ஓர் எல்லை வகுக்கிறது. உறக்கமிழந்த குடும்பத்தின் முறையீட்டைக் கேட்பதும், வாயில்லா உயிரின் பருவத்தைப் பொறுத்திருப்பதும் ஒரே கீழ்ப்படிதலின் இரு பக்கங்கள். இவற்றுள் ஒன்றைமட்டும் போதிக்கும் ஆயர் அக்கட்டளையின் பாதியையே போதிக்கிறார்.