பிரேக்கில் கொதிக்கும் திரவம்

2,000 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்ளுங்கள். அதன் இயக்க ஆற்றல் 25 லட்சம் ஜூல். பிரேக்கை மிதித்து அதை நிறுத்தினால் இவ்வாற்றல் எங்கே போகிறது? பெரும்பகுதி உராய்வினால் வெப்பமாக மாறுகிறது. 30° செ. வெப்பநிலையிலுள்ள 8 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 25 லட்சம் ஜூல் போதும்!

இவ்வெப்பத்தைத் தாங்குவதற்காக, விலையுயர்ந்த வேகக் கார்கள் சிலவற்றில் கார்பன்-செராமிக் தட்டுகளைப் பொருத்துகிறார்கள். ஆனால், மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது அவற்றிலும் பிரேக் திரவமே. வழக்கில் ‘பிரேக் ஆயில்’ என்றாலும் இது பெரும்பாலும் எண்ணெய் அன்று. கிளைக்கால் வகைச் சேர்மம். காற்றிலுள்ள ஈரத்தை இது உறிஞ்சும் தன்மையுடையது. ‘டாட் 4’ வகைத் திரவம் புதிதாக இருக்கையில் 230° செ. வரையிலாவது கொதிக்காது. ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் இவ்வரம்பு 155° ஆகிவிடுகிறது.

திரவம் கொதித்தால் என்ன ஆகும்? குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவம் எளிதில் அமுங்காது, ஆவியோ அமுங்கிவிடும். ஆகவே மிதி தரையைத் தொட்டாலும் அழுத்தம் சக்கரத்தை எட்டாது. மலைப்பாதையில் இறங்கும்போது இது நேர்ந்தால் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ?

வீட்டு வாசலுக்கே வந்து பிரேக் பழுதுபார்ப்பவர்கள் இன்று இருக்கிறார்கள். பிரேக் கட்டையை மாற்றுவதோடு விடாமல், திரவத்தின் கொதிநிலையையும் சோதிக்கச் சொல்லுங்கள். திறந்து நாளான டின்னிலுள்ள திரவத்தை ஊற்ற விடாதீர்கள். கார் அதிகம் ஓடாமல் நின்றாலும் ஈரம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றிவிடுவது நல்லது.